மூடியில் வந்த உப்புக்கல்

அபூதாஹிர் மச்சானின் சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஓர் இலை இருக்கும். எனக்கு மூத்தவளான சுஹைரா ராத்தாவைக் கலியாணம் முடித்து அவர் எங்கள் வீட்டு வளவுக்கு வந்து பத்தொன்பது வருடங்களாகின்றன. அன்றிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது ராத்தா முதலில் அவருடைய சட்டைப் பைக்குள்தான் கையை விடுவாள். கறிவேப்பிலை வரும், முசுட்டை இலை வரும், புளியங்கொழுந்து வரும். ஒருநாள் தம்பலகாமத்து வயல் வரம்பில் பிடுங்கிய, எங்களில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பூண்டு வந்தது. எல்லாமே கசக்கியபடி இருக்கும். கசக்கி மணந்து பார்த்தபின் எறிய மனம் வராமல் பைக்குள் போட்டுக்கொள்வார்.

“சில்லறை வைக்கிற இடத்தில மனிசன் மரக்கறிக்கடை வைச்சிருக்கார்” என்று ராத்தா சொல்வாள்.

அவருக்குத் தொழில் ஓட்டோ ஓடுவது. கிண்ணியாவில் நிற்பார், பாலத்தைக் கடந்து திருகோணமலை டவுணுக்கு ஆட்களை ஏற்றிப் போவார், அங்கே பஸ் நிலையத்தில் நின்று வேறு ஆட்களை ஏற்றுவார். ஏறுகிறவர்களிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டபிறகு அவர் கேட்கும் அடுத்த கேள்வி, “உங்கட ஊட்ட இண்டைக்கு என்ன கறி?” என்பதுதான். சிலர் சிரிப்பார்கள். சிலர் இது என்ன கதை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். தன் சமையலைப் பற்றி இன்னொருவர் அக்கறையாகக் கேட்டால் யாருக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியும்? டவுண் கோயில்தெருவில் இருக்கும் ஐவி என்ற கிறிஸ்தவப் பெண்மணி, இறங்கும் இடம் வந்தபிறகும் இறங்காமல் தன் மீன்கறிக்கு எப்போது புளி விட வேண்டும் என்பதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாராம். ஊரில் மச்சானுடைய வண்டிக்குக் ‘கறி கேக்கிற ஓட்டோ’ என்று பெயர்.

கேட்டதை வீட்டில் செய்து பார்ப்பார். ஆனால் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு.

“ஒண்டை மட்டும் மாத்தோணும்” என்பார். “ரெண்டை மாத்தினா, எது நல்லாக்கிச்சு, எது கெடுத்திச்சு எண்டு தெரியாது.”

அதனால் நேற்றைய பருப்பும் இன்றைய பருப்பும் ஒரே பருப்பாகத்தான் இருக்கும். ஆனால் நேற்று இறக்கும்போது போட்ட சீரகம் இன்று வேகும்போதே உள்ளே போயிருக்கும். “இந்த ஊட்ட ஒரு கறி ரெண்டு தரம் ஒரே மாதிரி இருந்ததில்ல” என்று ராத்தா குறைப்பட்டுக்கொள்வாள். குறைப்பட்டுக்கொண்டே கோப்பையை வழித்துச் சாப்பிடுவாள்.

இந்த மனிதர்தான் நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர். முன்பு காய்ச்சியவர் நோயில் விழுந்த வருடம், வேறு ஆள் இல்லாமல் இவரைக் கூப்பிட்டார்கள். ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்தார். மாதம் முழுவதும் ஒரே கஞ்சி குடித்துப் பழகிய ஊருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன மாற்றம் கிடைத்தது. ஒருநாள் அரிசியை வறுத்துப் போட்டார். ஒருநாள் பாசிப்பயறு சேர்த்தார். ஒருநாள் முருங்கை இலையை அரைத்து விட்டார். கஞ்சி பச்சையாக இருக்கிறதே என்று முதலில் சிறுவர்கள் அழுதார்கள், பிறகு அதையே கேட்டு அழுதார்கள்.

பள்ளியின் கஞ்சிக் கொட்டிலுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு மதில். மதிலில் ஒரு சின்னப் படலைக் கதவு. துழாவுவதும் இறக்குவதும் அந்தப் பக்கம் ஆண்கள். வெங்காயம் உரிப்பதும் தேங்காய் துருவுவதும் இந்தப் பக்கம், எங்கள் பின்முற்றத்தில், நாங்கள் ஆறு பெண்கள். நான் கதைப்பது குறைவு. வெங்காயம் உரித்துக்கொண்டு படலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் எனக்கு அவருடைய இன்னொரு வழக்கமும் தெரிந்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பாத்திரங்களோடு வரிசையில் நிற்கத் தொடங்கியதும் அவர் முகங்களைப் பார்க்கமாட்டார், பாத்திரங்களைத்தான் பார்ப்பார். நேற்றுச் சின்னக் கோப்பை கொண்டுவந்தவர் இன்று வாளி கொண்டுவந்தால், நேற்றைய கஞ்சி நல்லது.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நோன்பாளி கஞ்சி காய்ச்சுகிறார். புதிதாக ஒன்றைச் செய்கிறார். ஆனால் அது எப்படி வந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம், சமைக்கிறவருக்கு அதற்கு இடம் இருக்கிறது என்று மௌலவி சொல்லியிருந்தார். மச்சான் அப்படிச் செய்தும் பார்த்தார். ஒருமுறை தவறித் தொண்டைக்குள் போய்விட்டது, அன்றிலிருந்து விட்டுவிட்டார்.

“அதோட, பின்னேரம் நாலு மணிக்கு நோன்பு நாக்கு உண்மை சொல்லாது” என்று ராத்தாவிடம் சொன்னார். “காஞ்ச நாக்குக்கு எல்லாம் உப்பாத்தான் இருக்கும்.”

மணத்தையும் கொதிக்கும் சத்தத்தையும் வைத்தே ஏழு வருடங்கள் காய்ச்சினார். பிழை வரவில்லை. எட்டாவது வருடம், பன்னிரண்டாம் நோன்பன்று வந்தது.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு வீடு பொறுப்பு. அரிசி, இறைச்சி, தேங்காய் எல்லாம் அந்த வீட்டிலிருந்து வரும். பன்னிரண்டாம் நாள் ஜெமீல் ஹாஜியார் வீட்டின் நாள். அவர் பள்ளி நிர்வாகத்தின் தலைவர். மௌத்தான தன் வாப்பாவின் பெயரில் கொடுக்கும் கஞ்சி அது. டவுணிலிருந்து ஆட்களையும் நோன்பு திறக்க அழைத்திருந்தார்.

அன்று மச்சான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: இஞ்சியைத் தட்டிப் போடாமல் சுட்டுப் போட்டார். உப்பும் தன் வழக்கமான அளவுக்குப் போட்டார். பிறகு கை கால் கழுவி ஒளு எடுத்து அஸர் தொழப் போனார். துழாவிக்கொண்டு நின்ற அவருடைய உதவியாள் றம்ஸான், மச்சான் உப்புப் போட்டாரா இல்லையா என்று யோசித்தார். வாயில் வைத்துப் பார்க்க வழியில்லை. உப்பில்லாத கஞ்சியை ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. நான் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு ஒரு மிடறு கஞ்சி குடித்தேன். இரண்டாவது மிடறு குடிக்கவில்லை. ராத்தா என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன். அதற்குள் பக்கத்து வளவிலிருந்து றுமானாவின் குரல் மதிலைத் தாண்டி வந்தது.

“சுஹைரா, உங்கட மாப்பிள்ள இண்டைக்குக் கஞ்சியக் கிணத்துத் தண்ணியிலயா காய்ச்சினார், கடல் தண்ணியிலயா?”

மறுநாள் காலையில் ஜெமீல் ஹாஜியார் படலைக்கு வந்தார். நாங்கள் உள்ளே நின்று கேட்டோம்.

“என்ர வாப்பாட பேரில குடுத்த கஞ்சி, அபூதாஹிர். வந்த ஆக்கள் ஒரு மிடறோட கோப்பைய வைச்சிட்டாங்க. நான் எங்க பாக்கிறது?”

“பிழைதான், ஹாஜியார்.”

“உங்கட புதுமையெல்லாம் காணும். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, இறைச்சி. அளவு எழுதித் தாறம். அதில ஒண்டும் கூடவும் வேணாம், குறையவும் வேணாம். ஏலாது எண்டா இப்பவே சொல்லுங்க. வேற ஆள் பாப்பம்.”

“அளவைத் தாங்க” என்றார் மச்சான்.

அளவு எழுதிய தாள் கொட்டில் தூணில் ஆணி அடித்துத் தொங்கவிடப்பட்டது. பதின்மூன்றாம் நோன்பிலிருந்து தாளில் உள்ள கஞ்சியையே காய்ச்சினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்பும் சரியாகவே இருந்தது. கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வரிசையில் வாளிகள் போய்ச் சின்னக் கோப்பைகள் வந்தன. மச்சான் இப்போது பாத்திரங்களைப் பார்ப்பதில்லை என்பதையும் கவனித்தேன். அள்ளினார், ஊற்றினார், அடுத்த ஆள்.

பதினான்காம் நோன்பு காலையில் கிணற்றடியில் ராத்தா சட்டைப் பைக்குள் கையை விட்டாள். வெறும் கை வெளியே வந்தது. மறுபடியும் விட்டுப் பார்த்தாள்.

“பெருநாளோட அகப்பையப் பள்ளிக்குத் திருப்பிக் குடுக்கப் போறாராம்” என்றாள். “ராவு சொன்னார். கோபத்தில சொல்லேல்ல. கோபத்தில சொல்லியிருந்தா நான் பயந்திருக்கமாட்டன்.”

அன்று பின்னேரம் வெங்காயம் உரிக்கும்போது றுமானா ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஹாஜியார் வீட்டில் இறைச்சியை முதல்நாளே வாங்கிவிட்டார்களாம். குளிர்ப்பெட்டி பழுதாம். கெட்டுப்போகக் கூடாது என்று நன்றாக உப்புப் பிரட்டி வைத்து, அப்படியே அனுப்பிவிட்டார்களாம்.

“ஹாஜியார்ர ஊட்ட ஒரு உப்பு, உங்கட ஊட்ட ஒரு உப்பு, றம்ஸான் காக்கா ஒரு உப்பு” என்று விரல்விட்டு எண்ணினாள். “மூண்டு பேரும் நல்ல மனிசர். அதுதான் பிரச்சினை.”

ராத்தா அதை மச்சானிடம் சொன்னாள். போய் ஹாஜியாரிடம் கேட்கச் சொன்னாள். அவர் அசையவில்லை.

“வாப்பாட பேரில குடுத்த மனிசன். அவர்ர மனசை நோவிச்சு எனக்கு என்ன கிடைக்கும்? இறைச்சியில உப்பு இருக்குதா எண்டு நான் கேட்டிருக்கோணும். நான் மாத்தினது ஒண்டு. எனக்குத் தெரியாம மாறினது ரெண்டு. வாயில வைச்சுப் பாக்க ஒரு ஆள் இருந்திருந்தா பிடிபட்டிருக்கும். நோன்பு நாளில ஆளுக்கு எங்க போற?”

நான் அடுத்த அறையில் இருந்தேன். அந்தக் கடைசி வார்த்தை என்னிடம் தங்கிவிட்டது. ஆளுக்கு எங்கே போவது?

ஆள் மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. மாதந்தோறும் தொழுகை இல்லாத அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பும் இல்லை. அது மார்க்கம் தந்த விடுப்பு. ஆறு பெண்கள் இருக்கும் முற்றத்தில் எந்த நாளிலும் ஒருத்தியாவது, சில நாட்களில் இரண்டு பேர், நோன்பில்லாமல் இருப்பார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை. அந்த நாட்களில் ஒரு மிடறு தண்ணீரைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடிப்போம். பிள்ளைகள் முன்னால்கூட நோன்புக்காரி மாதிரிச் சோர்ந்து காட்டுவோம். இப்படி இருக்க, ‘நான் ருசி பார்க்கிறேன்’ என்று யார் எழுந்து சொல்வாள்? நான் சொல்லமாட்டேன். ஆகவே யாரும் சொல்லத் தேவையில்லாத ஒரு வழி வேண்டும்.

அடுத்த நாள் கிணற்றடியில் அதை ராத்தாவிடம் சொன்னேன். மூடிபோட்ட கோப்பையில் கஞ்சி எங்கள் சமையற் குசினிக்குள் வரட்டும். பக்கத்தில் ஒரு பீரிசுத் தட்டில் உப்புக்கல், கொஞ்சம் அரிசி, ஒரு தேசிக்காய்த் துண்டு. ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கை கழுவக் குசினிக்குள் போய் வரட்டும். ஆறு பேரும் கட்டாயம் போக வேண்டும். அதே அளவு நேரம் உள்ளே நிற்கவும் வேண்டும். நோன்புள்ளவள் சும்மா நின்றுவிட்டு வருவாள். நோன்பில்லாதவள் ருசி பார்த்து, மூடியில் ஒன்றை வைத்துவிட்டு வருவாள். உப்புக்கல் வைத்தால் உப்புப் போதாது. அரிசி வைத்தால் உப்புக் கூடிவிட்டது. தேசிக்காய் வைத்தால் புளிப்பு வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் சரி.

“எழுதி வைச்சா என்ன?” என்று ராத்தா கேட்டாள்.

“கையெழுத்து ஆர்ர எண்டு தெரிஞ்சிடும்” என்றேன்.

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். “நீ வாயத் திறக்கிறதில்ல எண்டு உம்மா கவலைப்பட்டா” என்றாள்.

மற்ற நான்கு பேரிடமும் அவள்தான் சொன்னாள். ரிப்கா முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். றுமானா மட்டும், “வெளிய வரக்குள்ள எல்லாரும் வாயைத் துடைச்சிட்டு வாங்க. நோன்புக்காரியும் துடைங்க, வித்தியாசம் தெரியக் கூடாது” என்றாள். அதன்பின் யாருக்கும் மறுக்க வழியிருக்கவில்லை.

பதினாறாம் நோன்பு எங்கள் வீட்டின் நாள். அதற்கு முதல்நாள் ஹாஜியார் வீட்டுப் படலைக்கு ராத்தாவே போனாள். நானும் பின்னால் போனேன்.

“நாளைக்கு எங்கட நாள், ஹாஜியார். நாள்கார ஊடு கேக்கிற கஞ்சியத்தானே காய்ச்சிறது வழமை?”

“ஓம். வழமைதான்.”

“எங்களுக்குத் தாள்ல இருக்கிற கஞ்சி வேணாம். அவர்ர கஞ்சி வேணும்.”

ஹாஜியார் படலையைக் கொஞ்சம் அகலத் திறந்தார். “பிழைச்சா?”

“பிழைச்சா அகப்பைய நானே கொண்டுவந்து தாறன்.”

வீட்டுக்கு வந்து மச்சானிடம் இரண்டையும் சொன்னாள். மூடியைப் பற்றிச் சொல்லும்போது, “கோப்பை போகும், கோப்பை வரும். நடுவில என்ன நடந்திச்சு எண்டு கேக்கக் கூடாது” என்றாள். அவர் நிலத்தைப் பார்த்தபடி, “கேக்கமாட்டன்” என்றார். பிறகு எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் நான்கு தேங்காய் இருந்தது.

வெருகலிலிருந்து டவுணுக்குக் கிளினிக் வந்த ஒரு பெண் முன்பு அவரிடம் ஒரு விடயம் சொல்லியிருந்தாளாம்: தேங்காயை உடைத்து, பாதியைத் தணலில் வாட்டி, அதன்பிறகு துருவிப் பால் பிழிந்தால் சொதிக்கு வேறு மணம் வரும் என்று. அதை வீட்டில் மூன்றுமுறை செய்து பார்த்திருந்தார். பள்ளியின் பெரிய கஞ்சிக் கிடாரத்தில் செய்யத் துணியவில்லை. பதினாறாம் நாள் துணிந்தார். மதிய லுஹருக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் தேங்காய்ப் பாதிகள் தணலில் கிடந்தன. அந்த மணத்துக்கு மதிலுக்கு அப்பால் றம்ஸான் இரண்டுதரம் எட்டிப் பார்த்தார். அன்று அவர் உப்புப் பக்கமே போகவில்லை.

நாலு மணிக்குக் கோப்பை வந்தது. ஆறு பேரும் போய்வந்தோம். ஆறு பேரும் வாயைத் துடைத்தோம். ராத்தா மூடியைப் படலைக்கு வெளியே நீட்டினாள். அதில் இரண்டு உப்புக்கல் இருந்தன.

படலை இடுக்கால் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. இரண்டு உப்புக்கல்லையும் பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு நாளுக்கு முன் உப்பால் ஊர் சிரித்த மனிதரிடம் இன்னும் உப்புப் போடு என்று யாரோ சொல்கிறார்கள். யார் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. மூடியை நம்பாமல் விட்டால் சப்பென்ற கஞ்சி. நம்பிப் பிழைத்தால் அகப்பை போய்விடும்.

“சுஹைரா” என்றார் மெதுவாக. “நல்லாப் பாத்ததா?”

“மூடி பாத்தது.”

அவர் உப்பை அள்ளினார். நின்றார். போட்டார். துழாவிவிட்டு மறுபடியும் கோப்பை அனுப்பினார். நாங்கள் மறுபடியும் கை கழுவப் போனோம். இரண்டாவது தடவை மூடி வெறுமையாக வந்தது.

அன்று பாங்குக்குப் பிறகு ஊரில் சத்தம் இல்லை. கஞ்சி நன்றாக இருந்தால் அப்படித்தான்; யாரும் கதைக்கமாட்டார்கள். மஃரிப் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் ஹாஜியார் வெறும் வாளியோடு கொட்டிலுக்கு வந்தார். கிடாரத்தின் அடியில் இருந்ததை மச்சான் வழித்து ஊற்றினார். ஹாஜியார் போகத் திரும்பி, நின்றார்.

“நாளைக்கு ஆர்ர நாள்?”

“உங்கட தம்பிட.”

“அவனிட்ட நான் சொல்றன். உங்கட விருப்பத்துக்குக் காய்ச்சுங்க.” கொஞ்சம் தயங்கினார். “இறைச்சிக்கு உப்புப் போட வேணாமெண்டும் சொல்றன்.”

அவருக்கும் தெரிந்திருக்கிறது. மச்சான் அகப்பையைக் கிடாரத்துக்குள் வைத்தார். “வாளியைப் பாத்துக் கொண்டு போங்க, சூடு” என்றார்.

இருபதாம் நோன்பன்று நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மூடியில் உப்பும் இல்லை, அரிசியும் இல்லை. கறிக்கு வாசத்துக்குப் போடும் றம்பை இலையில் ஒரு துண்டு, நெருப்பில் வாட்டியபடி இருந்தது. பீரிசில் அப்படி ஒன்றை நாங்கள் வைக்கவில்லை. யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு குறையை அல்ல, ஒரு யோசனையை வைத்திருந்தாள். அது நான் இல்லை. மச்சான் அதை எடுத்து, கசக்கி, மணந்து பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இருபத்தோராம் நோன்புக் கஞ்சியில் வாட்டிய றம்பை இருந்தது. மற்றதெல்லாம் முதல்நாள் போலவே. அதற்குப் பிறகு அடிக்கடி ஏதாவது வந்தது. வறுத்த வெந்தயம், ஒரு நெல்லிக்காய், ஒருநாள் மிளகாயின் காம்பு மட்டும். காம்பு எதற்கு என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் மிளகாயைக் கீறாமல் காம்போடு முழுதாகப் போட்டார். உறைக்காமல் மணம் மட்டும் வந்தது.

அதன்பின் நான்கு நோன்பு மாதங்கள் வந்து போய்விட்டன. பள்ளிக் கஞ்சியை இப்போதும் அபூதாஹிர் மச்சான்தான் காய்ச்சுகிறார். மற்ற மாதங்களில் ஓட்டோ ஓடுகிறார், கறி கேட்கிறார். அளவு எழுதிய தாள் புகையில் கறுத்துத் தூணிலேயே தொங்குகிறது, யாரும் கழற்றவில்லை. எங்கள் முற்றத்தில் ஆறு பேராக இருந்தவர்கள் இன்று ஒன்பது பேர். கோப்பை நாலு மணிக்குப் படலையால் வருகிறது. ஒன்பது பேரும் கை கழுவப் போகிறோம்.